வெயில் சுட்ட பின் முதல் 48 மணி நேரம்: கடற்கரை விடுமுறையில் தோல் கன்றிப்போனால் என்ன செய்வது

கடலில் ஆட்டம் போட்டுவிட்டு அறைக்குத் திரும்பிய என் மகன், ஷவரைத் திறந்ததுமே அலறினான். வெந்நீர் வருகிறதோ என்று கையை நீட்டிப் பார்த்தேன். குளிர்ந்த தண்ணீர்தான். அவனைத் திருப்பி முதுகைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. தோள்பட்டை இரண்டும் கன்றி, இழுத்துக் கட்டியதுபோல மினுமினுத்தன. நடுமுதுகில் மட்டும் ஒரு கை அச்சு, ஐந்து விரலையும் எண்ணிவிடலாம். என் கைதான். காலையில் அவன் நிற்காமல் நெளிந்ததால் சன்ஸ்கிரீனை ஒரே அப்பு அப்பி, ‘சரி, ஓடு’ என்று விட்டிருந்தேன். அந்த உள்ளங்கை அளவு இடம் மட்டும் பிழைத்திருந்தது.

அன்று ராத்திரி நான் செய்ததில் பாதி தப்பு. ஐஸ் வைத்தேன், கையில் கிடைத்த பிசுபிசுப்பான களிம்பைத் தடவினேன், ‘காலையில் சரியாகிவிடும்’ என்று படுக்கவைத்தேன். காலையில் இரண்டு மடங்காகியிருந்தது. வெயில் சுடுவதில் பலருக்கும் தெரியாத விஷயம் இந்தத் தாமதம்தான். சுட்டது வெளியே தெரியவே 3 முதல் 5 மணி நேரம் ஆகும். உச்சத்துக்குப் போக 12 முதல் 24 மணி நேரம். சாயங்காலம் நீங்கள் பார்ப்பது பாதிக் கணக்கு, மீதி ராத்திரியில் வரும். அதனால் இந்த வழிகாட்டியைக் கடிகாரத்தை வைத்தே எழுதியிருக்கிறேன். இப்போதே உங்கள் பக்கத்தில் யாராவது ‘காந்துது, காந்துது’ என்று துடித்துக்கொண்டிருந்தால், அடுத்த பகுதியைத் தாண்டி நேராக முதல் படிக்குப் போய்விடுங்கள். காரணத்தை அப்புறம் படிக்கலாம்.

## சூடு வேறு, சுடுவது வேறு

வெயிலில் நிற்கும்போது நாம் உணர்வது அதன் சூட்டை. அது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரின் வேலை. தோலைச் சுடுவதோ புற ஊதாக் கதிர். அதைக் கண்ணும் பார்க்காது, தோலும் உணராது. 1801-ல் யோஹான் ரிட்டர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடை, வானவில் நிறங்களாகப் பிரிந்து விழுந்த ஒளியின் ஒவ்வொரு நிறத்திலும் வைத்துப் பார்த்தார். ஊதாவுக்கும் அப்பால், வெளிச்சமே தெரியாத இடத்தில்தான் அது வேகமாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிரிடம்தான் கடற்கரையில் நாம் ஏமாறுகிறோம். காற்று ஜில்லென்று வீசும், அலை உடம்பைக் குளிர வைக்கும், வெயிலே இல்லாததுபோலத் தோன்றும். மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். மேலேயிருந்து வருவது போதாதென்று உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலைநுரை சுமார் 25 சதவீதத்தையும் நம் மேலேயே திருப்பி அடிக்கும். தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்தில்கூட, மேலே இருப்பதில் ஏறக்குறைய 40 சதவீதம் மிச்சம் இருக்கும். கழுத்துவரை தண்ணீரில் நிற்கிற பிள்ளை வெயிலுக்கு மறைந்து நிற்கவில்லை.

தோலுக்குள் நடப்பது இதுதான். புற ஊதாக் கதிரில் யூவிபி என்ற பகுதி, தோல் செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்ட செல்கள் தம்மைத்தாமே அழித்துக்கொள்கின்றன. உடம்பு அங்கே ரத்தத்தைப் பாய்ச்சுகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சிவக்கிறது, வீங்குகிறது, கொதிக்கிறது. இந்த வேலை முடிய மணிக்கணக்கில் ஆகும். நான்கைந்து நாள் கழித்துத் தோல் உரிவது, செத்த செல்களை உடம்பு வெளியே தள்ளுவது.

## படி 1: கூரைக்கு அடியில் போங்கள், எவ்வளவு சுட்டிருக்கிறது என்று பாருங்கள்

தோல் லேசாகச் சுருக்கென்றாலே அன்றைய கடல் முடிந்தது. ‘இன்னும் பத்து நிமிஷம்மா’ என்ற கெஞ்சலுக்கு இடம் கொடுக்காதீர்கள். தாமதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: இப்போதே எரிகிறதென்றால், அது பல மணி நேரத்துக்கு முன்னால் பட்ட வெயில். அதற்குப் பிறகு பட்டது இன்னும் வந்துசேரவில்லை. கடற்கரைக் குடையின் நிழல் போதாது. கூரையும் சுவரும் உள்ள இடம் வேண்டும்.

உள்ளே போனதும் ஈரத் துணியைக் கழற்றுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான வார் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். இதை ஒத்திப்போட்டால் ராத்திரி சோப்புத் தண்ணீரோடு போராட வேண்டியிருக்கும்.

இப்போது நல்ல வெளிச்சத்தில் தலையிலிருந்து கால்வரை பாருங்கள். காது மடலின் மேல்பக்கம், தலை வகிடு, பிடரி, முழங்காலின் பின்மடிப்பு, பாதத்தின் மேல்பக்கம், நீச்சல் உடையின் ஓரம்: தவறவிடும் இடங்கள் இவைதாம். என் கணவருக்கு உடம்பெல்லாம் தப்பித்து, பாதம் இரண்டு மட்டும் வெந்துபோனது. மூன்று நாள் செருப்பு போட முடியவில்லை.

விரலால் அழுத்தி எடுத்தால், வெளிர் தோலில் அந்த இடம் வெளுத்து, மறுபடி சிவக்கும். மாநிறமாகவோ கருப்பாகவோ இருக்கும் தோலில் இந்தச் சிவப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அங்கே வழக்கத்தைவிட ஓரிரண்டு சாயல் கறுத்து, லேசாக ஊதா கலந்து, பளபளவென்று இறுகியிருக்கும். கண்ணைவிடக் கையை நம்புங்கள். புறங்கையை மெதுவாக வைத்துப் பார்த்தால் கொதிக்கும். தொட்டாலே சுள்ளென்று வலிக்கும். ‘நமக்குக் கருப்புத் தோல், நம்மை வெயில் என்ன செய்யும்’ என்ற நம்பிக்கையால்தான் பலருக்கும் இது தாமதமாகத் தெரிகிறது. மெலனின் நிறமி கொஞ்சம் காக்கும், முழுசாகக் காக்காது. மணிக்கணக்கில் கடலில் நின்றால் எந்த நிறமும் சுடும்.

எவ்வளவு பரப்பு என்பதையும் ஒரு கணக்குப் போட்டு வையுங்கள். சுட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பின் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். குழந்தைக்குக் குழந்தையின் கையைத்தான் அளவாக எடுக்க வேண்டும். டாக்டரிடம் பேச நேர்ந்தால் அவர் கேட்கப்போவது இதைத்தான்.

## படி 2: குளிர்வியுங்கள், உறைய வைக்காதீர்கள்

குளிர்ந்த தண்ணீர் போதும். ஷவர் என்றால் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் தோளில் வழிந்து இறங்கும்படி வையுங்கள். சிதறி அடிக்கும் தாரை வெந்த தோலில் ஊசிபோலக் குத்தும். என் மகன் அலறியது அதனால்தான். சிறு பிள்ளைகளுக்குக் குவளையால் மொண்டு ஊற்றுவதே நல்லது. உப்பும் மணலும் போகும்வரை ஊற்றுங்கள். வெந்த இடத்தில் சோப்பு வேண்டாம், தேய்க்கவே வேண்டாம்.

அப்புறம் மெல்லிய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடம் போட்டு வையுங்கள். துணி சூடேறினால் மறுபடி நனைத்துப் போடுங்கள். முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். குழந்தை நடுங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.

ஐஸை நேராக வைக்கவே கூடாது. ஏற்கெனவே காயப்பட்ட தோலை அது இன்னொரு வகையில் காயப்படுத்தும். அந்த நேரத்துக்கு மரத்துப்போய் வலி தெரியாது, அதனால்தான் நன்றாக இருப்பதுபோல் இருக்கிறது. நான் ஏமாந்தது அங்கேதான்.

## படி 3: ஈரம் காய்வதற்குள் தடவுங்கள்

துடைக்கும்போது துண்டை ஒற்றி எடுங்கள். தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே வாசனையில்லாத, தண்ணீர்ப் பதமான லோஷனையோ கற்றாழை ஜெல்லையோ தாராளமாகத் தடவுங்கள். உள்ளே இருக்கும் ஈரத்தை அது பூட்டி வைக்கும். ஜெல்லை வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். பச்சை நிறமும் கமகம வாசனையும் ஆல்கஹாலும் சேர்த்தது என்றால் எரிச்சல்தான் மிஞ்சும். லோஷனைக் கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் தடவும்போதே பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

பெட்ரோலியம் ஜெல்லி போன்ற கெட்டிக் களிம்பும் எண்ணெயும் முதல் ஓரிரு நாள் வேண்டாம். அவை சூட்டை வெளியே விடாமல் மூடிவைக்கும். பென்சோகெயின், லிடோகெயின் என்று ‘கெயின்’ என முடியும் மரப்பு மருந்துகளையும் தள்ளி வையுங்கள். சிலருக்கு அவையே ஒவ்வாமையைக் கிளப்பும். வீக்கத்தைத் தணிக்கும் லேசான ஸ்டீராய்டான 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம், கொப்புளம் இல்லாத சிறு இடத்துக்குப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் உதவலாம். பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

பற்பசை, வினிகர், முட்டை வெள்ளைக்கரு, பவுடர் ஆகியவற்றைப் பற்றி நேரத்தை வீணடிக்க விரும்பவில்லை. எதுவும் வேண்டாம். எலுமிச்சையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கறுத்த தோலை வெளுக்க வைக்கும் என்று அதைத் தேய்க்கிறவர்கள் உண்டு. எலுமிச்சைச் சாற்றில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும், மாதக்கணக்கில் போகாத கரும்பட்டையும் வரும். கடற்கரையில் எலுமிச்சையைப் பிழிந்து குடித்துவிட்டுக் கையைக் கழுவாமல் வெயிலில் உட்கார்ந்தவர்களுக்கே விரலில் இப்படி வந்திருக்கிறது.

## படி 4: வலி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்

பொறுத்துக்கொள்வதில் வீரம் ஒன்றும் இல்லை. வலி ராத்திரிதான் ஏறும் என்று தெரிந்த பிறகு, படுக்கப்போகும் முன்பே கொடுப்பது புத்திசாலித்தனம். ஐபுபுரூஃபன் வலியோடு வீக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும். பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் மட்டும் பார்க்கும்.

இரண்டிலும் குழந்தைக்கான அளவு எடையைப் பொறுத்தது. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்ததுக்கும் இடையில் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் போகக் கூடாது. சிரப்பில் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், லேபிளைப் பார்த்துவிட்டு அளந்து கொடுங்கள்.

வாந்தி எடுக்கிற, தண்ணீர் குடிக்காமல் வறண்டு கிடக்கிற பிள்ளைக்கு ஐபுபுரூஃபன் கூடாது, சிறுநீரகத்துக்கு ஆகாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்த்துப் பாராசிட்டமாலைப் பற்றி டாக்டரைக் கேட்கட்டும். ஆஸ்பிரினை 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. அரிதாக, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய் வரலாம்.

## படி 5: குடிக்க வைத்துக்கொண்டே இருங்கள்

சுட்ட தோல் உடம்பின் நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். போதாததற்கு நாள் முழுக்க வியர்த்திருக்கிறது, உப்புத் தண்ணீரில் ஆடியிருக்கிறது. சாதாரணத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வாந்தியோ தலைச்சுற்றலோ இருந்தால் ஓஆர்எஸ், பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் சரியாகக் கரைத்து. பெரியவர்கள் அன்று மதுவைத் தொடாதீர்கள்.

போதுமான அளவு குடித்தாயிற்றா என்பதைச் சிறுநீர் சொல்லிவிடும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. பிள்ளை 8 மணி நேரமாகச் சிறுநீரே கழிக்கவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால், வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள்.

## படி 6: எப்போது ஆஸ்பத்திரி

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, ராத்திரி விழித்திருக்கப்போகிறவருக்கும் காட்டிவிடுங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் சுட்டிருந்தால் லேசானது, கடுமையானது என்று பார்க்க வேண்டாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மற்றவர்களுக்கு, கொப்புளங்கள் பெரிய பரப்பில் இருந்தால், அதாவது முதுகு முழுக்க, கால் முழுக்க என்ற அளவில் இருந்தால் காட்ட வேண்டும். முகம், கை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளம் வந்தால் பரப்பு சிறிதானாலும் காட்டுங்கள். 39 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், உடம்பு தூக்கிப்போடும் நடுக்கம், நிற்காத வாந்தி, மாத்திரைக்கும் அடங்காத வலி இவையும் காத்திருக்கக் கூடாதவை.

ஹீட் ஸ்ட்ரோக், அதாவது வெப்பத் தாக்கு, தனி அவசரம். ஒருவர் குழறிப் பேசினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ, நடை தள்ளாடினாலோ, மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ தோலை மறந்துவிடுங்கள். உடம்பின் உட்சூடு 40 டிகிரி செல்சியஸையோ அதற்கு மேலோ எட்டியிருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். தெளிவாக விழுங்க முடியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வியர்வை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம், வியர்த்துக்கொண்டே ஹீட் ஸ்ட்ரோக் ஆனவர்களும் உண்டு.

கண்ணும் சுடும். ராத்திரி கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நீர் கொட்டினால், கருவிழியின் மேற்பரப்பு வெந்திருக்கிறது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி, விளக்கை அணைத்து, குளிர்ந்த துணியை மூடிய கண்மேல் வையுங்கள். கசக்கக் கூடாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக அடங்கும். பார்வை மங்கினாலோ, 24 மணி நேரத்தில் குறையத் தொடங்காவிட்டாலோ கண் டாக்டரிடம் போக வேண்டும்.

## படி 7: முதல் ராத்திரி

எல்லாருக்கும் நினைவில் நிற்கப்போவது இந்த ராத்திரிதான். முதுகு வெந்தவர் குப்புறப் படுக்கலாம். முன்பக்கமும் வெந்திருந்தால் சாய்வாக உட்கார்ந்து தூங்குவதைத் தவிர வழியில்லை. கால் வெந்திருந்தால் தலையணைமேல் தூக்கி வையுங்கள், வீக்கம் குறையும். படுக்கையில் மணல் இருந்தால் உதறிவிட்டு விரிப்பை மாற்றுங்கள். ஒரே ஒரு மணற்பொடி வெந்த தோலில் உருண்டால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

தொளதொள பருத்திச் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப் போட்டுவிடுங்கள், தையல் உரசாது. உடம்பு கொதிக்கும், கூடவே குளிரும் எடுக்கும். அதனால் மெல்லிய போர்வை ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர்ப் பாட்டிலும் லோஷனும் நனைத்த துணியும் தலைமாட்டில் இருக்கட்டும். நள்ளிரவில் ஒருமுறையும் விடியலில் ஒருமுறையும் தொட்டுப் பாருங்கள், பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எரிச்சலோடு சரியாகப் பதில் சொன்னால் நல்லது.

## படி 8: இரண்டாம் நாளும் மிச்ச விடுமுறையும்

காலையில் மோசமாகத் தெரிந்தால் பதறாதீர்கள், உச்சம் இப்போதுதான். காலையும் மாலையும் குளிர்விப்பது, தடவுவது, குடிப்பது அப்படியே தொடரட்டும்.

குடும்பத்தில் இன்று பெரிய வாக்குவாதம், ‘இவ்வளவு செலவு பண்ணி வந்துவிட்டு அறைக்குள்ளேயே கிடப்பதா’ என்பதாகத்தான் இருக்கும். என் தீர்ப்பு: வெந்தவர் தோல் ஆறும்வரை வெயிலுக்கே போகக் கூடாது. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு போகலாமா என்றால், வெந்த தோலில் பூசினால் அது எரியும், வெந்ததை ஆற்றவும் செய்யாது. சூரியன் இறங்கிய பிறகு எல்லாரும் சேர்ந்து கரையோரம் நடக்கலாம். பகலில் ஒரு பெரியவர் வெந்த பிள்ளையோடு உள்ளே இருக்க, மற்றவர்கள் போய் வரட்டும். அடுத்த நாள் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாரும் தியாகம் செய்து உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் சண்டை வந்துவிடும்.

கொப்புளம் இருந்தால் கடலுக்கும் நீச்சல் குளத்துக்கும் இடமில்லை. காரில் ஊர் திரும்பும்போது சீட் பெல்ட்டைத் தளர்த்தவோ அக்குளுக்குக் கீழே விடவோ செய்யாதீர்கள். தோளுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மடித்த மெல்லிய துணியை வையுங்கள். கார்க் கண்ணாடி யூவிபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யூவிஏ என்ற பகுதியைப் பக்கக் கண்ணாடி ஓரளவு விட்டுவிடும். வெந்த பக்கம் ஜன்னலோரம் வராதபடி உட்கார வைத்தால் நல்லது.

## படி 9: கொப்புளம், அரிப்பு, உரிதல்

கொப்புளத்தைக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் நீரும் மேலே இருக்கும் தோலும் சேர்ந்து இயற்கை போட்ட கட்டு. தானாக உடைந்தால் தண்ணீராலும் மென்மையான சோப்பாலும் அலசி, தொங்கும் தோலைப் பிய்க்காமல், ஒட்டாத கட்டுத்துணியால் தளர்வாக மூடுங்கள். உடைந்த இடத்தில் மட்டும் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறைவதற்குப் பதில் கூடினால், சீழ் வைத்தால், சுற்றிலும் சிவப்பு பரவினால், புதிதாகக் காய்ச்சல் வந்தால் கிருமி புகுந்துவிட்டது. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வலி தணியும்போது அரிப்பு ஆரம்பிக்கும். சொறிவதற்குப் பதில் குளிர்ந்த துணியும் லோஷனும். தூங்க முடியாத அளவுக்கு அரித்தால் செடிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரையைப் பற்றி மருந்தாளரிடம் கேளுங்கள். பிள்ளைகளின் நகத்தை இன்றே வெட்டிவிடுங்கள்.

நான்காம் நாள் வாக்கில் உரியத் தொடங்கும். வெங்காயச் சருகுபோல ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தத் தோலைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. என் மகனுக்கு அவன் அக்காவே ‘உரிச்சுவிடறேன் வா’ என்று துணைக்கு வந்தாள். உரித்தால் இன்னும் தயாராகாத தோலும் கூடவே கிழிந்து வரும். தொங்குவதைச் சிறு கத்தரியால் வெட்டிவிட்டு லோஷன் தடவுங்கள். நாரும் ஸ்க்ரப்பும் தொடவே கூடாது.

## படி 10: மறுபடி வெயிலுக்குப் போகும்போது

வெளியே கிளம்பும் முன் வானிலைச் செயலியில், புற ஊதாக் கதிரின் பலத்தைச் சொல்லும் யூவி இன்டெக்ஸ் எண்ணைப் பாருங்கள். 3 வந்தாலே பாதுகாப்பு வேண்டும். 8-க்கு மேல் போனால் நடுப்பகலைத் தவிர்த்துவிடுங்கள். செயலி இல்லையென்றால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் புற ஊதா பலமாக இருக்கும் நேரம்.

என் அனுபவத்தில் துணிதான் முதல் காவல், சன்ஸ்கிரீன் இரண்டாவது. நெருக்கமாக நெய்த முழுக்கை நீச்சல் சட்டை நழுவாது, கரையாது, மறந்தும் போகாது. யூபிஎஃப் 50 என்று போட்டிருந்தால் புற ஊதாவில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மெல்லிய வெள்ளைப் பனியன் நனைந்துவிட்டால் காவல் இன்னும் குறைந்துவிடும். குடையைப் பற்றிச் சொல்ல 2017-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இருக்கிறது. ஏரிக்கரையில் நடுப்பகலில் மூன்றரை மணி நேரம் குடையை மட்டும் நம்பி உட்கார்ந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தோல் சுட்டது. குடையில்லாமல் எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீனின் காவலைச் சொல்லும் எண்) 100 உள்ள சன்ஸ்கிரீனை மட்டும் பூசியவர்களிலும் 25 சதவீதம் பேருக்குச் சுட்டது. ஒன்றை நம்பி இன்னொன்றை விடாதீர்கள்.

சன்ஸ்கிரீனில் நம்மைக் கவிழ்ப்பது எண் அல்ல, அளவு. எஸ்பிஎஃப் 30 யூவிபியில் சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். ஆனால் அந்த எண்ணைச் சோதனைக்கூடத்தில் கணக்கிடுவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. வளர்ந்தவர் உடம்பு முழுக்க அப்படிப் பூச ஏறக்குறைய 35 மில்லி வேண்டும். முகம், கழுத்துக்கு ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு கைக்கும் ஒன்று, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, நெஞ்சு வயிற்றுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து வந்து துடைத்த ஒவ்வொரு முறையும் திரும்பப் பூச வேண்டும். நாளைக்கு மூன்று முறை என்றாலே ஒருவருக்கு 100 மில்லி ஆகிவிடும். 200 மில்லி பாட்டில் இரண்டு பெரியவர்களுக்கு ஒரே நாளில் காலியாக வேண்டும். போன வருஷ விடுமுறையில் வாங்கிய பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறதா? அப்படியென்றால் நீங்கள் பூசவே இல்லை. அதைத் தூக்கிப் போடும் முன் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசுவதைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அறையிலேயே, துணி போடும் முன், கிளம்ப 20 நிமிடம் இருக்கும்போது, கண்ணாடி முன் நிற்கவைத்துப் பூசுங்கள். ஸ்ப்ரே என்றால் கையில் அடித்து முகத்தில் தேய்க்க வேண்டும், மூக்குக்குள் போகக் கூடாது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை வெயிலுக்கே கொண்டுபோகாமல் நிழலிலும் துணியிலும் வைத்துக்கொள்வதே சரி.

யாராவது புதிதாக மருந்து சாப்பிடுகிறார்களா என்றும் கேளுங்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குகள், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் போன்றவை தோலை வெயிலில் சீக்கிரம் சுடும்படி ஆக்கிவிடும். எல்லாரும் ஒரே வெயிலில் நின்றும் ஒருவருக்கு மட்டும் வெந்துபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாத்திரைப் பெட்டியை. மருந்தை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

## படி 11: வீட்டுக்கு வந்த பிறகு

உரிந்து வந்த புதுத்தோல் சில வாரங்களுக்குச் சீக்கிரம் சுடும், அந்த இடத்தை மூடியே வையுங்கள். மச்சங்களையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். சிறு வயதில் கொப்புளம் கிளம்பும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சுட்டால் பிற்காலத்தில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். ஒருமுறை சுட்டதற்காகப் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மச்சத்தின் வடிவமோ நிறமோ அளவோ மாறினால், ரத்தம் கசிந்தால், தோல் டாக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள்.

நிறம் திட்டுத் திட்டாக நிற்பது, முக்கியமாகக் கருந்தோலில், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இருக்கலாம். வெளுக்க வைக்கும் க்ரீம்களை ஆறாத தோலில் தடவி அதைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மெதுவாக மங்கும். என் மகன் முதுகில் அந்தக் கை அச்சு விடுமுறை முடிந்தும் வெகுநாள் இருந்தது. பள்ளியில் விளையாட்டு உடை மாற்றும்போது பார்த்த பையன்கள், ‘உங்க அம்மா அடிச்சாங்களாடா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘இல்லடா, அந்த இடத்துல மட்டும்தான் அம்மா சரியாப் பார்த்துக்கிட்டாங்க’ என்று சொன்னானாம்.